வாட்டுக்கு வெளியே

லீவுப் படிவத்தில் காரணம் எழுத விட்டிருக்கும் இடம் அரைச் சாண்கூட இல்லை. முதுகுவலி என்று எழுதினேன். பொய்யில்லை. ஆட்களைத் தூக்கிப் புரட்டியே காலம் கழித்த எந்தத் தாதிக்கும் முதுகு வலிக்கத்தான் செய்யும். ஆனால் நான் லீவு கேட்டது முதுகுக்காக இல்லை.

எனக்கு நேர்ந்ததற்கு ‘பேர்ன்அவுட்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 1974இல் நியூயோர்க்கில் ஹேர்பெர்ட் ஃப்ரொய்டன்பெர்கர் என்ற உளவியலாளர், இலவச மருத்துவ நிலையங்களில் உழைத்தவர்கள் ஒவ்வொருவராக வற்றிப்போவதைப் பார்த்து அதைப் பற்றி எழுதினார். பகல் முழுக்கத் தன் தொழிலைப் பார்த்துவிட்டு இரவில் அங்கே போய் வேலை செய்தவர் அவர். வற்றியவர்களில் அவரும் ஒருவர். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில் இதற்கும் இடம் உண்டு. ஆனால் நோயாக இல்லை, தொழிலை ஒட்டி நேரும் ஒன்றாக. மூன்று அடையாளம் சொல்கிறார்கள். சக்தி வற்றுவது, வேலையிலிருந்து மனம் விலகி அதன்மேல் கசப்புப் படிவது, எதைச் செய்தாலும் உருப்படியாக ஒன்றும் ஆகவில்லை என்று தோன்றுவது.

நோய் இல்லை என்றால் நோயாளி யார்? படிவத்தில் என் பெயர் எழுதும் இடத்தில் வாட்டின் பெயரை எழுதியிருக்கலாம்.

*

களைப்பு எனக்குப் பழக்கமானது. இரவு ஏழுக்கு ஏறி காலை ஏழுக்கு இறங்கும் டியூட்டியில் களைக்காதவள் பொய் சொல்கிறாள். என்னைப் பயமுறுத்தியது இரண்டாவது அடையாளம்.

பண்டாரவளை பஸ் நிலையத்தில் ஒரு பெண் ஓடிவந்து கையைப் பிடித்தாள். “மிஸ், என்னயத் தெரியுதா?” தெரிந்தது. ஜன்னலோரக் கட்டில், இரண்டு வேளை இன்சுலின், இடது பாதத்தில் ஆறாத புண். முகம் மட்டும் ஞாபகத்தில் இல்லை.

இசபெல் மென்ஸீஸ் என்பவர் 1960இல் லண்டன் ஆஸ்பத்திரியொன்றின் தாதியரை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். நோயாளியைப் பெயர் சொல்லாமல் கட்டில் இலக்கத்தாலும் கெட்டுப்போன உறுப்பாலும் குறிப்பது, ஒரே ஆளின் வேலையைப் பத்துக் கைகளுக்குப் பிரித்துவிடுவது, தூங்குகிறவரை எழுப்பி நித்திரை மாத்திரை கொடுப்பது, இவையெல்லாம் வேலை சுலபமாக நடப்பதற்காக ஏற்பட்டவை அல்ல என்றார். நோயும் சாவும் கிளப்புகிற பதற்றம் தாதியைத் தொடாமலிருக்க நிறுவனம் தானே போட்டுக்கொண்ட வேலி அது. வேலி போட்டும் பதற்றம் குறையவில்லை என்பதையும் கண்டார். பயிற்சிக்கு வந்தவர்களில் மூன்றிலொரு பங்கினர் பாதியில் போய்விட்டார்கள். போனவர்களில் கெட்டிக்காரிகள் பலர்.

அந்த வேலியை நான் பழிக்க மாட்டேன். அது இல்லாவிட்டால் முதல் வருஷத்திலேயே ஓடியிருப்பேன்.

*

இதற்கு மருந்தென்று கண்ணை மூடி உட்காரச் சொன்னார்கள். மூச்சைக் கவனி, வேறொன்றும் வேண்டாம் என்றார்கள். உட்கார்ந்தால் மனம் அடங்குவதற்குப் பதில் ரவுண்ட்ஸ் போகிறது. செலைன் எவ்வளவு மிச்சம், எந்தக் கட்டிலுக்கு ஆறு மணி ஊசி, யாருடைய ஆட்கள் வெளியே காத்திருக்கிறார்கள். சரி, போகட்டும் என்று அதன் பின்னாலேயே நானும் போனேன். எந்த இடத்தில் எனக்கு மூச்சு முட்டுகிறது என்று பார்த்தேன். புண்ணைக் கழுவும்போது இல்லை. நரம்பு தேடி ஊசி ஏற்றும்போது இல்லை. கை இன்றைக்கும் நடுங்குவதில்லை. பக்கத்து வாட்டிலிருந்து ஆள் வந்து, “தமிழ் ஆள் ஒருத்தர், கொஞ்சம் வந்து சொல்லிட்டுப் போங்க மிஸ்” என்று கூப்பிடும் இடத்தில்தான் முட்டியது.

*

பதுளைப் பக்கம் தமிழ் பேசும் தாதியர் போதாது என்பது இங்கே யாருக்கும் புதிதில்லை. 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1999இல் இந்த மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகள் என்று வர்த்தமானியில் வந்தன. வர்த்தமானி வாட்டுக்குள் வந்து சேரும்வரை யாராவது ஒருத்தி மொழியாக நிற்க வேண்டியிருக்கிறது.

மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன் எடு, பின் எடு என்று சொல்வது சுலபம். காலை எடுக்க வேண்டும் என்பதும், பிள்ளை பிழைக்கவில்லை என்பதும் வேறு. டொக்டர் தாழ்ந்த குரலில் சிங்களத்தில் என்னிடம் சொல்லிவிட்டு நோயாளியின் குறிப்பெழுதும் டிக்கட்டைப் புரட்டிக்கொண்டு நிற்பார். வார்த்தை அவருடையது; தகப்பன் காதில் விழுவது என் வாயிலிருந்து. அந்த மனுஷன் டொக்டரைப் பார்ப்பதில்லை, என்னைப் பார்க்கிறான். “நல்லாப் பாத்தீங்களா மிஸ்?” என்று என்னைக் கேட்கிறான். அதை நான் சிங்களத்தில் திருப்பிச் சொல்லும்போது அவன் மன்றாட்டு ஒரு விசாரிப்பாகச் சுருங்கிவிடுகிறது. பதில் ஒரு வரியில் வருகிறது. அதை மறுபடி தமிழில் அவன் தாங்கும் அளவுக்கு விரிக்க வேண்டும். விரிக்கும்போது நானாக எதையும் சேர்த்துவிடவும் கூடாது.

இதற்கு ரோஸ்டரில் நேரமில்லை. சம்பளச் சீட்டில் வரியில்லை. இருந்தும், வேறு யாரிடமாவது கொடுத்துவிடு என்றால் அதற்கு எனக்கு மனமில்லை. என் அப்பாயி கிளினிக் போய் வந்ததும் என்ன சொன்னார்கள் என்று கேட்போம். “ஏசுனாங்க” என்பாள். அவளுக்கு விளங்கியது அவ்வளவுதான்.

*

“வேலைய விட்டுறலாமான்னு பாக்குறேன்” என்றேன் அம்மாவிடம்.

“விட்டுட்டு எங்க போறது?”

எந்த வேலைக்கு என்று அவள் கேட்கவில்லை. எந்த வீட்டுக்கு என்று கேட்டாள்.

தோட்டத்தில் வேலையும் வீடும் ஒரே கணக்கு. லயத்தில் ஒரு காம்பரா இருந்தால் அந்தக் குடும்பத்தில் யாரோ ஒருவர் பேர் போடுகிறார், கொழுந்து எடுக்கிறார் அல்லது கவ்வாத்து வெட்டுகிறார் என்று பொருள். தாத்தா நின்றதும் அப்பா போனார். அப்பாவுக்குப் பிறகு அம்மா. அம்மா ஓய்ந்ததும் தம்பி பெண்சாதி கூடையைத் தூக்கினாள். ஆள் மாறும், செக்ரோல் என்ற ஆட்கணக்கில் அந்த வீட்டுக்கு ஒரு பெயர் இருந்தாக வேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்தத் தோட்டத்து லயங்கள்மேல் மலை சரிந்து விழுந்தது. அந்த இடம் ஆபத்து என்று முன்பே சொல்லப்பட்டிருந்தது. எழுந்து போ என்பது ஒன்று, போக ஓரிடம் கொடுப்பது இன்னொன்று. இந்த வித்தியாசத்தை அம்மாவுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அரசாங்க வேலை அவளுக்கு ஏன் அவ்வளவு பெரியது என்பதும் இதிலேதான் இருக்கிறது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. மிச்சமிருந்தவர்களுக்கு உரிமை கொடுத்த சட்டம் 2003இல் வந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல். அந்த இடைவெளியில் வளர்ந்த ஒருத்தியின் மகளுக்கு அரசாங்க முத்திரையோடு நியமனக் கடிதம் வந்தால் அது மகளுக்கு மட்டும் வந்த கடிதம் ஆகாது. காலையில் ஆள் கூடும் பிரட்டுக்களத்தில் கங்காணி அதை எல்லோருக்கும் கேட்க வாசித்தாராம்.

ராஜினாமாவுக்கு நான் ஒருத்தி கையெழுத்திட்டால் போதும். சட்டப்படி.

*

ஓகஸ்ட். வறண்ட காற்று நமுனுகுலைப் பக்கமிருந்து இறங்கி வீட்டுக் கூரையைத் தட்டுகிறது. ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கித் தரும் பருவம் இதுதான். இந்தக் காற்றில் செடி தவிக்கும்போது இலையில் மெதில் சலிசிலேட் என்ற வாசனைப் பொருள் கூடுகிறது. வலிக்குத் தேய்க்கும் தைலங்களில் மூக்கைத் துளைக்கும் அதே சரக்கு. கொழும்பு ஏலத்தில் இந்தப் பருவத்துத் தேயிலையை ஆசைப்பட்டு வாங்குகிறார்கள்.

தாதியருக்கான ஏதாவது ஊக்கக் கூட்டத்தில் யாராவது இதை உதாரணம் காட்டாமல் இருக்க வேண்டும். தவித்தால் மணக்கும் என்பார்கள். செடியைக் கேட்டவர் யார்?

*

இந்த மலையே ஒருதரம் தொழில் மாறியிருக்கிறது. 1869இல் மடுல்சீமைப் பக்கத்துக் கோப்பித் தோட்டமொன்றில் இலைகளின் அடியில் செம்மஞ்சள் பொடி தெரிந்தது. இலைத்துரு. அடுத்த பத்துப் பதினைந்து வருஷத்தில் இலங்கைக் கோப்பியின் கதை முடிந்தது. பிறகு தேயிலை வந்தது என்று பள்ளிக்கூடத்தில் ஒரு வரியில் படித்தோம்.

நடுவில் ஒன்று இருந்தது. சிங்கோனா. மலேரியாவுக்குக் கொயினா எடுக்கும் மரம். ஹக்கலையில் 1861இல் அரசாங்கம் தோட்டம் போட்டதே அதை வளர்த்துப் பார்க்கத்தான். கோப்பி கைவிட்டதும் துரைமார் அலறியடித்துக்கொண்டு சிங்கோனா நட்டார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் நட்டதால் 1880களின் நடுவில் பட்டை குவிந்து விலை விழுந்தது. மரங்களைப் பிடுங்கிவிட்டுத் தேயிலை போட்டார்கள். ஆக, பயந்து ஓடிப் பிடித்த முதல் தொழில் நிற்கவில்லை. இதில் எனக்கு ஏதாவது இருக்கிறதா என்று யோசிக்கிறேன். இருக்கலாம். ஆனால் இந்தக் கதையில் நான் துரையின் பக்கத்து ஆள் இல்லை. கோப்பி பருவத்துக்கு மட்டும் கை கேட்டது. மன்னார் வழியாக நடந்து வந்தவர்கள் பறித்துக் கொடுத்துவிட்டுத் திரும்ப முடிந்தது. தேயிலை வருஷம் முழுக்கக் கை கேட்டது. வந்தவர்கள் தங்கிப்போனார்கள். துரைக்குப் பயிர் மாறியது. இவர்களுக்கு ஊரே மாறியது.

ஹப்புத்தளைக்கு மேலே லிப்டன் உட்கார்ந்து தோட்டங்களைப் பார்த்த உச்சியில் அவர் சிலையாக இன்னும் உட்கார்ந்திருக்கிறார். கிளாஸ்கோவில் மளிகைக்கடை வைத்துப் பெரிய ஆளானவர், நாற்பது தாண்டி 1890இல் இங்கே தோட்டம் வாங்கினார். நடுவயதில் தொழில் மாற்றினவருக்கு இந்த மாவட்டத்தில் நான் பார்த்த சிலை அது ஒன்றுதான். கூடப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அவர் வரும்போது கையில் எத்தனை கடை இருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

*

ஆலோசனைகளுக்குக் குறைவில்லை. இஸ்ரேலுக்குப் பராமரிப்பு வேலைக்குப் போ. எல்லப் பக்கம் இரண்டு அறை கட்டி வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விடு. பின்னேரங்களில் சேனல் சென்டரில் நில். ஜப்பான் மொழி படி. கடைசியாகச் சொன்னவருக்கு என் வயது தெரியும், இருந்தும் சொன்னார்.

2022ஐ நினைக்காமல் இதையெல்லாம் நிறுக்க முடியாது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது. அந்த வருஷம் நாடு முழுக்க ஆஸ்பத்திரிகளில் மருந்துக்கும் கையுறைக்கும் தட்டுப்பாடு. வெளியில் வாங்கி வாருங்கள் என்று துண்டு எழுதிக் கொடுத்தோம். அப்போது நாளுக்கு 1000 ரூபா சம்பளத்தில் நின்ற தோட்டத்து ஆள் அந்தத் துண்டை வாங்கி, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “சரிங்க மிஸ்” என்பார். வாங்கி வர மாட்டார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். செய்ய வேண்டியது தெரிந்திருந்தும் செய்யவிடாமல் இடம் தடுக்கும்போது தாதிக்கு வரும் வேதனையைப் பற்றி அண்ட்ரூ ஜேம்டன் என்ற அமெரிக்கத் தத்துவ ஆசிரியர் 1984இலேயே எழுதியிருக்கிறார். படித்தபோது ஆறுதலாக இருந்தது. துண்டு என்னவோ துண்டாகத்தான் இருந்தது.

அந்த ஜூனில் 14/2022 என்ற சுற்றறிக்கை வந்தது. அரசாங்க ஊழியர் 5 வருஷம்வரை சம்பளமில்லாமல் லீவு எடுத்து வெளிநாட்டில் வேலை பார்க்கலாம், பதவி மூப்பும் ஓய்வூதியமும் கெடாது என்றது அது. என்னோடு படித்தவர்கள் சிலர் போனார்கள். வீடியோவில் பேசும்போது வாட்டு அவர்கள் பின்னால் பளபளக்கிறது. பேச்சு மட்டும் பழையதுதான்: ஆள் போதாது, ஓ.டி. செய்யச் சொல்கிறார்கள், முதுகு. அவர்கள் நாட்டை மாற்றியிருக்கிறார்கள், வேலையை மாற்றவில்லை. போனது தப்பு என்று சொல்ல வரவில்லை. பிள்ளைகளின் படிப்புக்காகப் போனவள் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறாள். எனக்கு வேண்டியது அது இல்லை என்பது மட்டும் தெளிவாயிற்று.

*

பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குத் தொப்பி வைத்த அன்று விளக்குப் பிடித்து உறுதிமொழி எடுத்தோம். விளக்கு நைட்டிங்கேல் அம்மையாருடையது. இந்த லீவில்தான் அவர் வாழ்க்கையை முழுதாக வாசித்தேன்.

1820இல் பிறந்தவர். 1853 ஓகஸ்டில் லண்டனில் ஒரு சிறிய மருத்துவ இல்லத்தைப் பொறுப்பெடுத்தார். அடுத்த வருஷ இறுதியில் கிரிமியா யுத்தத்துக்காக ஸ்குட்டாரி ஆஸ்பத்திரிக்குப் போனார். 1856இல் உடம்பு கெட்டுத் திரும்பினார். அப்போது வயது 36. அதன் பிறகு வாட்டில் நின்று வேலை பார்க்கவில்லை. 1910இல் தன் 90ஆவது வயதில் இறந்தார். அதற்கு முன் நெடுங்காலம், பெரும்பாலும் படுக்கையிலிருந்தே, எழுதினார். சிப்பாய்கள் காயத்தால் செத்ததைவிட நோயால் செத்தது எத்தனை மடங்கு என்று வட்டப்படம் வரைந்து காட்டினார். தான் ஒருதரமும் போகாத இந்தியாவின் வடிகாலைப் பற்றிக் கத்தை கத்தையாக அறிக்கை வாங்கி வாசித்தார். அதிகாரிகளை விடாமல் தொந்தரவு செய்தார்.

தாதியாக நின்றது மொத்தமாக ஏறக்குறைய 3 வருஷம். மிச்சம் நாற்பது வருஷத்துக்கு மேல் கணக்கும் கடிதமும். நாங்கள் விளக்கேற்றிக் கும்பிட்டது வாட்டை விட்டு வெளியே போன ஒருவரை. இதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லியிருந்தால் ஆள் நிற்காது என்று நினைத்தார்களோ என்னவோ.

*

வேலைக்கு வந்த புதிதில் இரவில் நாங்கள் பயந்தது ஒரு சத்தத்துக்கு. திரீவீலிலோ தோட்டத்து லொறியிலோ ஒரு கூட்டம் வந்து இறங்கும். “மருந்து குடிச்சிட்டா” என்று யாராவது கத்துவார்கள். பயிருக்கு அடிக்கும் மருந்து. பெரும்பாலும் இளவயது. பெரும்பாலும் அன்று சாயந்தரம் நடந்த ஒரு சண்டை. விடியற்காலையில் குடித்தவர்களே, “காப்பாத்துங்க மிஸ்” என்பார்கள். எல்லோரையும் முடியவில்லை.

1995இல் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையில் இறந்தார்கள். உலகத்தில் மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று. அரசாங்கம் மிகக் கொடிய பூச்சிநாசினிகளின் இறக்குமதியை 1995இலும் 1998இலும் நிறுத்தியது. எங்கள் வாட்டை நிரப்பிய வேறு சிலவற்றை 2008 தொடங்கி 2011க்குள் படிப்படியாக எடுத்தது. இருபது வருஷத்தில் அந்த விகிதம் 70 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. சண்டை நின்றுவிடவில்லை, குடியும் கடனும் இருக்கிற இடத்தில்தான் இருக்கின்றன. அந்தக் கொதிப்பான ஒரு மணி நேரத்தில் கைக்கு எட்டிய போத்தல் ஆளைக் கொல்லாததாக இருந்தது. அவ்வளவுதான் மாற்றம். அந்த ஒரு மணி நேரத்தைத் தாண்டியவர்களில் பெரும்பாலோர் வாழ்கிறார்கள்.

இத்தனை உயிரை எந்த வாட்டும் மீட்டதில்லை. செய்தவர்கள் கட்டில் பக்கத்தில் நின்றவர்கள் இல்லை. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து எந்த மருந்து குடித்தவர் எத்தனை பேர் பிழைத்தார் என்று எண்ணியவர்கள். முதலில் இது எனக்குக் கோபத்தைத் தந்தது, நாங்கள் விழித்த இரவுகள் எல்லாம் ஒரு வர்த்தமானிக்குச் சமமில்லையா என்று. அப்புறம் இன்னொன்று தோன்றியது. அவர்கள் எண்ணியது எதை? ஆஸ்பத்திரிகளில் எழுதிய டிக்கட்டுகளை. கை வலிக்க எங்களைப் போன்றவர்கள் நிரப்பிய கட்டங்களை. ஸ்குட்டாரியிலும் அப்படித்தான்.

*

2011 முதல் சுகாதார அமைச்சு நடத்தும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்கள் இருக்கின்றன. நடுவயதுக்காரரை வரவழைத்து இரத்த அழுத்தம், சீனி பார்ப்பது. வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பது. தோட்டத்தில் வெற்றிலையும் புகையிலையும் போடாத வாய் குறைவு. வாய்ப் புற்றுநோயோடு வாட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் எனக்குத் தெரிய விழுங்க முடியாமல் போன பிறகு வந்தவர்கள். உள்ளே ஒரு வெள்ளைத் திட்டாக அது இருந்த நாளில் பார்க்க யாரும் இருக்கவில்லை. அங்கே மாற்றம் கேட்கலாம் என்று நினைக்கிறேன். பகல் வேலை. நைட் டியூட்டி இல்லை. அதாவது ஓ.டி.யும் இல்லை, என் சம்பளத்தில் அது எவ்வளவு பெரிய பங்கு என்று கணக்குப் போட்ட இரவு மட்டும் தூக்கம் வரவில்லை.

இதைத் தொழில் மாற்றம் என்று சொன்னால் கூட வேலை செய்கிறவர்கள் சிரிக்கிறார்கள். அதே யூனிஃபோம், அதே திணைக்களம். இருக்கட்டும். அங்கேயும் நான் தமிழ்தான் பேச வேண்டியிருக்கும், நாள் முழுக்க. ஆனால் இன்னொருவர் சொல்லி முடித்த தீர்ப்பை எடுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. வெற்றிலையோடு போடும் புகையிலையை விட்டுவிடு ஆத்தா என்று நானே என் வாயால் சொல்லலாம். கேட்க மாட்டாள். அடுத்த மாதம் மறுபடி சொல்லலாம்.

அம்மாவிடம் இதை விவரமாகச் சொன்னேன். கடைசிவரை கேட்டாள்.

“அந்த வேலைக்குப் போனா இந்த வீட்ட விடச் சொல்லுவாங்களா?”

“இது நம்ம வீடும்மா. பேங்க்குக்குத்தான் கட்டணும்.”

“கட்டிக்கிருவியா, ஓ.டி. இல்லாம?”

“இறுக்கிப் பிடிச்சா முடியும். தங்கச்சி கல்யாணத்துக்கு எடுத்த கடன் அடுத்த வருஷத்தோட முடியுது.”

“அப்ப அடுத்த வருஷம் போ” என்றாள்.